பக்கத்து நாற்காலியில் உட்காரும் அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும்

வணக்கம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க ஜெராக்ஸ், பட்டா, வருமானச் சான்றிதழ் என்று ஓடும். பொறியியல் கலந்தாய்வு ஆரம்பித்துவிட்டால் நாற்காலி போதாது. விண்ணப்பித்த பிள்ளை ஒன்று, கூட வருகிற நீங்கள் மூன்று பேர். 2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன். நேரில் சொன்னால் “நீ டைப் அடி தம்பி” என்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். காத்திருந்த நேரத்தில் என் கடை இன்வெர்ட்டர் கத்தியது. “பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சுண்ணா?” என்றாள். பார்த்தேன், மூன்று செல் வறண்டு கிடந்தது. தாத்தா மோட்டார் காயில் கட்டுகிறவராம், கடையிலேயே வளர்ந்தவள். சரி, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசையாக லிஸ்ட் போட உட்கார்ந்தோம். மாமா ஆரம்பித்தார்: “ஏஐ போடு. அடுத்தது சைபர் செக்யூரிட்டி. எந்தக் காலேஜா இருந்தா என்ன, கம்ப்யூட்டர்னு பேர் இருக்கணும்.” நாற்பது சாய்ஸ் போட்டோம், நாற்பதும் கம்ப்யூட்டர். அவர்கள் டீ குடிக்கப் போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, ட்ரிபிள் ஈ, அதான் எலெக்ட்ரிக்கல், ஒண்ணு சேர்க்க முடியுமா?” சேர்த்தேன், நாற்பத்தோராவதாக. பன்னிரண்டாவதிலேயே இடம் கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

லிஸ்டின் வரிசைதான் எல்லாம். உங்கள் ரேங்க் வரும்போது மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தந்துவிடுவார்கள். கிடைக்காததை மேலே போட்டால் சாய்ஸ் வீணாகும் என்று பயப்படுகிறீர்கள். ஒன்றும் வீணாகாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பிடிக்காததை மேலே போடுவதுதான் ஆபத்து. வந்த இடத்தை வைத்துக்கொண்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறேன் என்று கொடுத்துவிட்டால், மேலே உள்ளது காலியானதும் பழைய இடம் போய்விடும். அப்புறம் கடைக்கு வந்து என்னிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புதிர் போடுவதிலும் கணக்கிலும் ருசி உள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல பிரிவு கிடையாது. ஆனால் நாலு வருடமும் கீபோர்டு தட்டுவது என்று நினைக்கிறீர்களே, அது இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், அப்புறம் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். இரண்டுக்கும் கம்ப்யூட்டரே தேவையில்லை, பேப்பரும் பேனாவும் பொறுமையும் போதும். அதே பாடத்திட்டத்தில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி முதல் செமஸ்டரிலேயே இருக்கிறது, சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லோருக்கும். ஐடி கம்பெனிகளும் எல்லாப் பிரிவிலிருந்தும்தான் ஆள் எடுக்கின்றன.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு சிவில், மெக், எலெக்ட்ரிக்கல் பக்கம் வருவதுதான் கஷ்டம். யுபிஎஸ்சி நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு நான்கே பிரிவுகளில்தான்: சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் டெலிகம்யூனிகேஷன். கம்ப்யூட்டர் சயின்ஸ் அதில் இல்லை. அரசு வேலை, அரசு வேலை என்று கடையில் உட்கார்ந்து சொல்லும் மாமாக்களில் ஒருவர்கூட இதை என்னிடம் சொன்னதில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மெக் முடித்த பக்கத்து வீட்டுப் பையன் ஷிப்டில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிறான், சிவில் என்றால் வெயில். உண்மைதான். ஆனால் இந்தப் பயத்தில் இன்னொன்றையும் செய்கிறீர்கள். காரைக்குடியிலோ சேலத்திலோ அரசுக் கல்லூரியில் சிவிலோ மெக்கோ கிடைக்கும் கட் ஆஃபைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகையில் பெயின்ட் காயாத கல்லூரியில் ஏஐ தேடுகிறீர்கள். பாடம் எடுக்க யார் இருக்கிறார்கள், லேப் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தீர்களா? மாடு வாங்கப் போனால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்தானே நாம்!

இந்த முறை ஒன்று செய்யுங்கள். வரும் முன்பே, நீங்கள் சொல்லும் பிரிவுக்கும் பிள்ளை கேட்கும் பிரிவுக்கும் மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று பிரின்ட் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். என்னிடம் கேட்டால் நானே எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். பிள்ளை எந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது என்று கவனியுங்கள். லிஸ்ட்டைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். ஓடிபி வருவதென்னவோ உங்கள் செல்லுக்குத்தான், அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் காகிதத்தையும் திரையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. லிஸ்ட் ஏற்ற எனக்கு இருபது நிமிடம் ஆகும், நிதானமாகக் குடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் தம்பி