முதல் மனிதருக்கு ஒரே அச்சு வேண்டாம்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிக் கண்காட்சிக்குச் சமய மேசைகள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். "எல்லா மதத்திலும் முதல் மனிதன் மண்ணால் ஆனவன்" என்று தலைப்பெழுதி, களிமண் பொம்மைகளுக்கு ஆதாம், மனு, புருஷன் என்று பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி வைப்பது எளிது. கோளாறே அங்கேதான்.

ரிக்வேதம் 10.90 சொல்லும் புருஷனுக்கு ஆயிரம் தலை. தேவர்கள் செய்த வேள்வியில் அவன் மனத்திலிருந்து நிலவும் கண்ணிலிருந்து கதிரவனும் பிறக்கின்றன. அவனை மனிதர் வரிசையில் நிறுத்த முடியாது. சதபத பிராமணம் என்ற வேத வேள்வி விளக்க நூலில் வரும் மனுவோ, கையலம்பும் நீரில் கிடைத்த மீனால் வெள்ளத்தில் பிழைத்தவர். புராணக் கணக்கில் கல்பத்துக்கு, அதாவது பிரம்மாவின் ஒரு பகலுக்கு, 14 மனுக்கள். இப்போது நடப்பது ஏழாமவரான வைவஸ்வதர் காலம். எந்த மனு என்பதைச் சீட்டில் எழுதுங்கள்.

ஆதாம் மேசைக்கு ஆப்பிள் வாங்க வேண்டாம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் கனி என்றுதான் சொல்கிறது. 1:27-இல் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படைக்கப்படுகிறார்கள். மண்ணும் விலா எலும்பும் இரண்டாம் அதிகாரத்தில். இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். குர்ஆனில் ஹவ்வா (ஏவாள்) என்ற பெயர் வருவதில்லை, நபிமொழித் தொகுப்பான ஹதீஸில் உண்டு. ஆதம் நபிக்கு உருவம் வைத்தால் முஸ்லிம் பெற்றோர் மனம் புண்படும். குர்ஆன் 55:14 மண்பாண்டம்போல் ஓசை தரும் களிமண்ணைச் சொல்வதால், ஒரு மண்சட்டியை வைத்துப் பிள்ளைகளைச் சுண்டிப் பார்க்கச் சொன்னால் போதும். விரிசல் விட்ட சட்டி வேண்டாம், ஒலி செத்திருக்கும்.

மத்திய அமெரிக்க மாயா மக்களின் புனித நூலான பொபோல் வூ சொல்லும் கதைக்குத்தான் பொம்மை உண்மையில் தேவை. அதில் முதலில் செய்த மண் உடல் நீரில் கரைகிறது, மர மனிதர் வெள்ளத்தில் அழிகிறார்கள், கடைசியில் மக்காச்சோள மாவில் நான்கு ஆண்கள் உருவாகிறார்கள். விரல் பருமனில் களிமண் பொம்மை பிடித்து, சுடாமல் நிழலில் நன்றாக உலர்த்திக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். குமிழி விட்டபடி சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிரும். அரை ஈரத்தில் போட்டால் அப்படியே கிடந்து மானத்தை வாங்கும். துளைகளில் ஏற்கெனவே நீர் இருப்பதால் புது நீர் புகாது. ஏற்காட்டு மூடுபனியில் ஒரு வாரம் வைத்தும் உலராமல் போகலாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஓரிரவு அடுப்போரம் வையுங்கள்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தவர் அல்லர்) கதையை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறிய கதை அது. இடம் உள்ளூர் வரலாற்று மேசையில்.

சமண மேசையில் பொம்மையே கூடாது. அவர்களுக்கு உலகம் யாரும் படைத்ததல்ல, தொடக்கமும் இல்லை. ஆதிநாதர் இந்தக் காலச் சுற்றின் முதல் தீர்த்தங்கரர், அதாவது சமண வழிகாட்டி. அவருக்கே நாபி, மருதேவி என்று பெற்றோர் உண்டு. அந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்துவிட்டு, பீடத்தைக் காலியாக விடுங்கள்.

இப்படிக்கு,
சமயக் கதைகள் படிக்கும் சேலத்து நண்பர்கள்