ரிப்போர்ட் நோர்மல் எண்டா வருத்தம் பொய்யா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பள்ளிக்கூடத்துல புள்ளைகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மயங்கி விழுந்த செய்திய போன கிழமை "மர்மம்" எண்டு தலைப்புப் போட்டிருந்தீங்க, கீழ பேய் வேலை எண்டு ஊர்ச்சனம் சொன்னதையும் அப்பிடியே போட்டிருந்தீங்க. அத வாசிச்சிட்டு மனம் கேக்காமத்தான் எழுதுறன். எங்கட வீட்டுலயும் ஒரு புள்ள இரிக்கு, அக்காட மகள்.

ஏஎல் சோதினைக்கு நாலு மாசம் இரிக்கக்குள்ளதான் முதல் தரம் வந்தது. கிணத்தடியில உடுப்புத் தோச்சிட்டு நிண்டவள் அப்பிடியே சரிஞ்சிட்டாள், கண் ரெண்டும் இறுக்கி மூடி, தலை அங்காலயும் இங்காலயும் ஆடுது, விரலெல்லாம் சுருண்டு கிடக்கு, மூடின கண்ணால தண்ணி வழியுது, இருபது நிமிசம் இப்பிடியே. அக்கா இரும்புச் சாவியக் கையில திணிக்கிறா, பக்கத்து வீட்டு மாமி வெங்காயத்தக் கசக்கி மூக்குல பிடிக்கிறா, நான் நிண்டு குளறினன்.

மறுகா அடிக்கடி வந்தது. நூலும் கட்டினம், ஒரு வருசத்துக்குக் கிட்ட ஃபிட் குளிசையும் குடிச்சாள், அதால வகுப்புல நித்திரைதான் வந்தது, வருத்தம் நிக்கல்ல. ஒரு ஆஸ்பத்திரியில ஸ்கேன், மூளைட மின்சாரத்தப் பாக்குற ஈஈஜி எல்லாம் நோர்மல் எண்டு சொன்னாங்க, அங்க நிண்ட ஒருத்தர் அவள்ற காதுபடவே "சும்மா நடிக்கிறா" எண்டு சொல்லிப்போட்டார். அண்டைக்கு குருமண்வெளியில பாதை, ஆத்தக் கடக்குற மிதவை, ஏறி மண்டூருக்கு வாறம், புள்ள ஆத்தயே பாத்துக்கொண்டு நிண்டிட்டு இறங்குற நேரம் "சித்தி, நான் நடிக்கல்ல" எண்டாள். வேற ஒண்டும் கதைக்கல்ல.

கடைசியா போன்ல எடுத்த வீடியோவ நரம்பு டொக்டர் ஒருத்தர் பாத்தார். கண் இறுக்கி மூடினது, தலை ஆடின விதம், அவ்வளவு நேரம் நீண்டது, இதெல்லாத்தையும் வச்சு இது காக்காய் வலிப்பு மாதிரி இல்ல, டிசோசியேட்டிவ் எண்டு சொல்ற வகை எண்டார். வயர் அறுந்து போகல்ல, சுவிச்தான் சிக்குது, தாங்க ஏலாத நேரம் மூளை ஆளையும் உடம்பையும் கொஞ்ச நேரம் பிரிச்சு விட்டுருது, அது அவள்ற கையில இல்ல எண்டு அவளுக்கே விளங்கச் சொன்னார். குளிசையையும் அவர்தான் மெல்ல மெல்லக் குறைச்சார், நாங்களா நிப்பாட்டல்ல, தயவுசெய்து ஆரும் அப்பிடிச் செய்யாதீங்க, ரெண்டு வலிப்பும் ஒரே ஆளுக்கு வாறதும் இரிக்கு.

முந்தி இதுக்கு ஹிஸ்டீரியா எண்டு பேர், கிரேக்கத்துல கர்ப்பப்பை எண்ட சொல்லுல இருந்து வந்ததாம், பொம்பிளையள்ட வருத்தம் எண்டு ஒதுக்கத்தான். 1914ல தொடங்கின உலகப் போருக்குப் போன ஆம்பிளையளுக்கே வாய் பேசாம, கால் நடக்காமப் போனது. கோயில்ல உரு வந்து ஆடுறதையும் இதோட போட்டுக் குழப்பத் தேவல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2022ல இருந்து பாவிக்கிற நோய்ப் பட்டியல்லயே வழிபாட்டோட வந்து போறத வருத்தம் எண்டு சொல்லல்ல, விருப்பமில்லாம வந்து ஆளக் கஷ்டப்படுத்தினாத்தான் வருத்தம்.

என்ட அம்மாக்கு வேற மாதிரி. 2004 சுனாமியில நாவலடியில இருந்த தங்கச்சி குடும்பத்தப் பறிகுடுத்தவ. அதுக்குப் பிறகு நெஞ்சுக்குள்ள எரிவு, அது முதுகுக்கு ஓடுது எண்டுவா, ராவு முழுக்க நாடி பிடிச்சுப் பாப்பா, ஈசிஜி, எக்கோ எண்டு அஞ்சாறு டொக்டர் மாறியாச்சு. நோர்மல் எண்டு வந்தா ரெண்டு நாள் நிம்மதி, மறுகா பழையபடி. 2013க்குப் பிறகு டொக்டர்மார் இதப் பாக்குற விதமே மாறிட்டாம், டெஸ்டுல ஒண்டும் இல்ல எண்டு பேர் வைக்கிறல்ல, அந்த நோவும் அதப் பத்தின பயமும் மாசக்கணக்கா ஆள்ற வாழ்க்கைய எவ்வளவு பிடிச்சு வச்சிரிக்கு எண்டுதான் பாக்குறாங்க. மெய்யா இருதய வருத்தம் உள்ள ஆளுக்கும் இது வரலாம். இப்ப அம்மா ஒரே டொக்டர்ட்ட மாசத்துக்கு ஒருக்கா போறா, அது பெரிய உதவி.

புள்ளைக்கு இப்ப வந்தா தலைக்குத் தலையணி வைக்கிறம், சுத்தி நிக்கிற சனத்த விலத்துறம், கிள்ளுறல்ல, மெதுவாக் கதைக்கிறம். வரப்போகுது எண்டு அவளுக்கே தெரிஞ்சா காலத் தரையில ஊண்டி கண்ணுல படுற சாமான்ட பேர் ஒவ்வொண்டாச் சொல்லுவாள், அரைவாசித் தரம் வராமலே போயிரும். கவுன்சிலிங்தான் மருந்து. ஆனா படுவான்கரையில இருந்து அதுக்கு ஒரு தரம் போய் வர அக்காக்கு ஒருநாள் கூலி போகுது, மனநல கிளினிக் எங்கட பக்கமும் கிழமைக்கு ஒருக்காவது வேணும், இதயும் எழுதுங்க.

ஐயா, அடுத்த தரம் இப்பிடிச் செய்தி வந்தா "மர்மம்" எண்டு போடாம ஒரு மனநல டொக்டர்ட்டக் கேட்டு ரெண்டு வரி போடுங்க, கீழ 1926 எண்ட மனநல உதவி நம்பரையும் போடுங்க. அந்தப் புள்ளைகளும் பேப்பர் வாசிக்கிறவங்கதான்.

இப்படிக்கு,
ஒரு சித்தி,
மண்டூர்.