அறுபத்தேழின் கணக்கு

அன்புள்ள கதிருக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு சங்கதி சொன்னாய். 1967-ல் உங்கள் மாநிலத்தில் காங்கிரஸை எப்படி ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று உன் ஆபீஸில் இருக்கும் இந்தூர்க்காரப் பையன் கேட்டானாம். "எல்லாம் சினிமாதான், எம்.ஜி.ஆர். குண்டடி பட்ட அனுதாபம்" என்று நீ சொல்லிவிட்டாயாம். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. விருதுநகர்க்காரன் சொல்லுகிற பதிலாய்யா அது?

அனுதாபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் ஓட்டுக் கேட்டுப் போகாமலேயே அவர் ஜெயித்தார். ஆனால் தேர்தல் நடந்தது பிப்ரவரியில். 234 இடத்தில் 137-ஐ தி.மு.க.வுக்கு ஒரு மாதத்து அனுதாபமா வாங்கித் தரும்?

முதலில் இந்தக் கணக்கைப் பார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு 41 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. தி.மு.க. வாங்கியது 41-க்குக் கொஞ்சம் கீழே. ஓட்டில் காங்கிரஸ்தான் முந்தி நின்றது! ஆனால் அதற்குக் கிடைத்த இடம் 51. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174 இடத்தில் மட்டும் நின்று, மிச்சத்தைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுகள், ம.பொ.சி., ஆதித்தனார் என்று ஒரு பெரிய பட்டியல். கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று 1952-ல் முழங்கியவர் ராஜாஜி. அவரையும் மார்க்சிஸ்டுகளையும் ஒரே அணியில் உட்கார வைத்தார் அண்ணா. 1962-ல் பல தொகுதிகளில் சிதறிப்போன எதிர்ப்பு ஓட்டு இந்த முறை ஒரே பெட்டியில் விழுந்தது. உன் நண்பனிடம் இதை முதலில் சொல்.

இந்த அணியும் ஒரு நாளில் அமைந்ததில்லை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். 1952 தேர்தலில் அவர்கள் நிற்கவே இல்லை. நிற்கலாமா வேண்டாமா என்பதை 1956 திருச்சி மாநாட்டில் வந்தவர்களிடமே ஓட்டெடுப்பு வைத்துக் கேட்டார்கள். எந்தக் கட்சியும் இன்றைக்கு அப்படிக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1957-ல் 15 பேர் உள்ளே போனார்கள். 1959-ல் சென்னை மாநகராட்சியைப் பிடித்தார்கள். 1962-ல் அந்தப் 15 பேரையும் குறிவைத்து வேலை பார்த்தது காங்கிரஸ். கருணாநிதியைத் தவிர அத்தனை பேரும் தோற்றார்கள், அண்ணாவும் காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சி முடிந்தது என்று பேசினார்கள். ஆனால் புதிதாக ஜெயித்து வந்தவர்களோடு எண்ணிக்கை 50 ஆகியிருந்தது. 15 பேரைத் துரத்திய மும்முரத்தில் மற்ற தொகுதிகளைக் கோட்டை விட்டது காங்கிரஸ்.

1963-ல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது இதைவிடப் பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அண்ணா அந்த முழக்கத்தை விட்டார், கட்சியைக் காப்பாற்றினார். விடாமல் இருந்திருந்தால் ராஜாஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாரா?

ஊர்ப் பக்கம் தி.மு.க. வேலை எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும். தெருவுக்கு ஒரு படிப்பகம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைச் சுற்றி உட்கார வைத்து ஒரு பையன் சத்தமாகப் பேப்பர் வாசிப்பான். முடிவெட்டுகிற கடை, டீக்கடை பெஞ்சு எல்லாம் அவர்கள் வசம். 1965 இந்தி எதிர்ப்பில் கல்லூரிப் பையன்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போனார்கள். அப்போதைய முதலமைச்சர் பக்தவத்சலம் போலீஸை விட்டு அடக்கியதில் அவர்களுடைய வீட்டுப் பெரியவர்களும் போனார்கள். போதாததற்கு அரிசித் தட்டுப்பாடு வேறு. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று இவர்கள் மேடைக்கு மேடை சொன்னார்கள்.

நம் வீடு அப்போது காங்கிரஸ் வீடு. உன் தாத்தா கதர் தவிர வேறு துணி உடுத்தமாட்டார். "காமராஜ் அண்ணாச்சி, கடலைப்பருப்பு என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" என்று பையன்கள் தெருவில் கத்திக்கொண்டு போவார்கள். ராகம் நன்றாக இருந்ததால் நானும் பாடிக்கொண்டே நம் பலசரக்குக் கடைக்குள் நுழைந்து முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தாத்தாவுக்குக் கோபம் என் மீது இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பருப்பு விலை கேட்டு வந்தவர்கள் அதே கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்தவருக்குப் பதில் இல்லை.

இரண்டு பிரதமர்களை உட்கார வைத்த காமராஜர், சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1285 ஓட்டில் தோற்றார். பள்ளிக்கூடமும் மதியச் சாப்பாடும் கொடுத்த மனுஷனுக்கு அது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் எதிர்பாராமல் வந்த விபத்து என்று சொல்லமாட்டேன். ஒன்று கவனி, அண்ணா அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை, தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு நின்றார். ஆட்சி கைக்கு வரும் என்று அவரே முழுக்க நம்பவில்லை போலிருக்கிறது. ஜெயித்து, அதை ராஜினாமா செய்து, மேலவை வழியாக முதலமைச்சராக நீடித்தார்.

அந்த ஒரு படி அரிசி வந்ததா என்று உன் நண்பன் கேட்டால், சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார்கள், மற்ற ஊர்களுக்கு விரிக்க முடியவில்லை என்று ஒளிக்காமல் சொல்.

காங்கிரஸ் ஏன் திரும்பி வரவே இல்லை என்று அடுத்துக் கேட்பான். காங்கிரஸ் இரண்டாக உடைந்து, 1971-ல் இந்திராவின் கட்சி தி.மு.க.வோடு சேர்ந்து, சட்டமன்றத்துக்கு ஓரிடத்தில்கூட நிற்காமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த கதை அது. அதைத் தனியாக எழுதுகிறேன். சாத்தூர் சேவு அம்மா பார்சலில் போட்டிருக்கிறாள், அவனுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா