ஆரடா நீ?

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஒப்பரேசன் செய்ததால் எழுதப் பிந்திவிட்டது. இப்போது பரவாயில்லை, பேப்பர் வாசிக்கிறேன். இந்த மாரிக்குக் கொழும்புத்துறையில் நல்ல மழை, உன் காணிக் கிணறு முட்டி நிற்கிறது.

சரி, உன் மகளின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் குரு பரம்பரையைத் தொடக்கியவர் யார், என்ன போதித்தார் என்று கேட்டிருக்கிறாள். தொடக்கம் என்றால் கடையிற் சுவாமி. இந்தியாவிலிருந்து வந்து யாழ்ப்பாணம் பெரியகடையில் திரிந்தவர், அதனால்தான் அந்தப் பெயர். சமாதி நீராவியடியில். அவருக்குப் பின் செல்லப்பா சுவாமி. நல்லூர்த் தேரடியில் கந்தலோடு தனக்குத்தானே கதைத்துக்கொண்டு இருந்த மனிதர். ஊர் அவரை விசரன் என்றது. என் ஆச்சி சின்னப் பிள்ளையாக அவரைக் கண்டிருக்கிறார். ஏசுவாரோ என்ற பயத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளித்தாராம்.

அந்த விசரனிடம்தான் 1905 அளவில் யோகர் போய் அகப்பட்டார். அப்போது அவருக்குக் கிளிநொச்சி நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியம் பார்க்கும் வேலை. கண்டதும் செல்லப்பர் போட்ட அதட்டல்: 'ஆரடா நீ?' என்னைக் கேட்டால் உபதேசம் அதோடு முடிந்தது. யோகர் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பின்னாலேயே திரிந்தார். சமைத்த சோற்றில் சீடனுக்கு ஆசை எழுந்தால் குரு பானையையே உடைத்துவிடுவார் என்று சொல்வார்கள். 1915இல் செல்லப்பர் சமாதியானார். யோகர் எங்கள் சந்தி இலுப்பை மரத்தடியில் இருந்ததும், குடிசையில் 1964 வரை வாழ்ந்ததும் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

செல்லப்பர் விட்டுப்போனது நாலே நாலு வாக்கியம். 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாம் அறியோம்', 'முழுதும் உண்மை', 'ஒரு பொல்லாப்பும் இல்லை.' முதல் மூன்றோடு எனக்குச் சண்டை இல்லை. கடைசியோடுதான். 1995 ஒக்டோபர் முடிவில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டுச் செம்மணிப் பாதையால் சனத்தோடு சனமாக மழையில் போனோமே, அன்று அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் அந்த வாக்கியத்தையே முணுமுணுத்தார். எனக்கு வந்ததே கோபம்! 'இதைவிட என்னம்மா பொல்லாப்பு வேணும்?' என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், பிடித்திருந்த குடையை என் தலைக்கு மேல் நீட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரின் விளக்கம் கேட்டுவிட்டேன். துன்பமே இல்லை என்று அர்த்தம் சொல்பவர்களை நம்ப மனம் வரவில்லை. செல்லப்பர் ஆறுதல் சொல்லுகிற ஆளே இல்லை, யோகரும் வந்தவர்களை ஏசிக் கலைத்தவர்தான். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை என்ற மட்டும் எனக்கு விளங்குகிறது. மகள் மேலும் துருவினால் 'நாம் அறியோம்' என்று சொல்லிவிடு. அதுவும் நாலில் ஒன்றுதானே!

பங்குனி ஆயிலியத்துக்கு யோகர் குருபூசை. அவளையும் கூட்டிக்கொண்டு அந்த நேரம் வா. யோகர் அடியார்களின் சிவதொண்டன் நிலையத் தியான மண்டபத்தில் வாய் திறக்கக் கூடாது, உன் பாடு எப்படியோ தெரியாது. ஒடியல் காயப் போட்டு வைக்கிறேன். போனமுறை கொண்டுவந்த அந்த மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது, இரண்டு போத்தலாகக் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி