நாடாவை மட்டும் நீ தைத்துக்கொள்

ஈரோடு

அன்புக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். டப்ளினில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். மருமகளை வெறுங்காலோடு தரையில் நடக்க விடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "குழந்தைக்கு நானே ஏதாவது தைக்கணும்மா, எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாய். அப்போது வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள், நிதானமாகப் பேச முடியவில்லை. நீ அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றும் சொல்லவில்லை. அதனால் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு.

உள்ளே ஆறு ஜப்லா இருக்கிறது. எல்லாம் உங்க அப்பாரு, அதாவது உன் தாத்தா, வேட்டியில் வெட்டியவை. குழந்தைக்கு என்றதும் அவரே பெட்டியைத் திறந்து, நைந்தும் கிழியாமல் இருந்த இரண்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தார். நம் ஊரில் புதுத் துணிக்கா பஞ்சம்? திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தை கூடினால் வேண்டிய ரகம் கிடைக்கும். ஆனால் புதுத் துணியில் நெசவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், முதல் தண்ணீரில் சுருங்கவும் செய்யும். பல வருஷம் துவைத்துக் காய்ந்த பருத்தி வேட்டியில் அந்த இரண்டு தொல்லையும் கிடையாது. பிறந்த பிள்ளையின் தோலுக்கு அதைவிட இதமான துணியை நான் பார்த்ததில்லை. இனிமேல் நீ புதுத் துணி வாங்கினாலும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு, உன் அமுச்சிக்கு, மட்டும் ஒரு மனக்குறை. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் துணிமணி சேர்க்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். எத்தனை பிரசவம் பார்த்தவர், அவர் பயத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆறு ஜப்லாவிலும் நாடா வைக்கவில்லை. நாடா இல்லாதவரை அது வெட்டிய துணிதானே, உடுப்பு ஆகவில்லையே என்றேன். அமுச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்படியே அனுப்பு" என்று சொல்லிவிட்டார். நாடாக்களைத் தனியாகத் தைத்து ஒரு சின்னப் பையில் போட்டிருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு அவற்றை நீ தைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மருமகள் அசந்து தூங்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தைக்கலாம். அப்பாக்களுக்கு அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

எப்படித் தைப்பது என்று கேள். பையில் 9ஆம் நம்பர் ஊசி வைத்திருக்கிறேன். ஊசியில் நம்பர் கூடக் கூட மெல்லிசாகிக்கொண்டே போகும். மெல்லிய துணிக்கு இது போதும். நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மட்டும் எடு. நீளமாக எடுத்தால் சிக்கு விழும். நுனியில் முடிச்சுப் போடாதே, அது குழந்தையை உறுத்தும். முடிச்சுக்குப் பதில் ஒரே இடத்தில் இரண்டு பொடித் தையல் போட்டு ஆரம்பி, முடிக்கும்போதும் அதே மாதிரி. நாடாவின் நுனியைக் கால் இஞ்ச் உள்ளே மடித்து, சுற்றிச் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்காக இரண்டு கோடு ஓட்டு. பிறகு நன்றாக இழுத்துப் பார். கையோடு வராமல் இருந்தால் சரி.

கடை ஜப்லாவில் நாடா பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். நாளெல்லாம் மல்லாந்து கிடக்கிற குழந்தைக்கு முடிச்சு முதுகில் குத்தாதா? அதனால் முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடிகிற மாதிரி வெட்டி, விலாவில் நாடா வருகிற மாதிரி அடையாளம் போட்டிருக்கிறேன். தலைவழியாக மாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கழுத்துப் பக்கம் எந்தக் கயிறும் வேண்டாம். மணி, சமிக்கி, கண்ணாடி ஒன்றும் வேண்டாம், பிய்ந்து வாய்க்குள் போய்விடும்.

ஜப்லாவின் ஓரத்தில் ஆவாரம்பூ போட்டிருக்கிறேன், பார். காப்புக்கட்டு அன்றைக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு வாசலில் செருகுவோமே, அதே பூ. ஐந்து மஞ்சள் இதழ். ஒவ்வொரு இதழும் தனியாக விட்ட ஒரு சங்கிலிக் கண்ணி. அதன் தலையில் ஒரு சின்னத் தையல் போட்டுப் பிடித்தால் இதழ் ஆகிவிடும். தண்டுக்குக் காம்புத் தையல். ஐந்து ஜப்லாவில் நான் முடித்துவிட்டேன். ஆறாவதில் பென்சிலால் வரைந்து மட்டும் வைத்திருக்கிறேன், அது உனக்கு. ஆங்கர் நூல்கண்டில் ஒரு நூலுக்குள் ஆறு இழை இருக்கும். இரண்டு இழையைத் தனியாகப் பிரித்துக்கொள், ஒவ்வொன்றாக உருவினால் முறுக்கு விழாது. தைக்கத் தைக்க நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைக் கீழே தொங்க விடு, தானாகச் சுற்றிப் பிரிந்துவிடும்.

ஊட்டியில் தோடர் பெண்கள் பூ வேலை செய்ததைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? துணியில் வரைந்த கோடு கிடையாது, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் கிடையாது. நெசவின் இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்பும் போடுவார்கள். அந்த வேலையைப் புகூர் என்பார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை எந்தப் பக்கம் திருப்பினாலும் உடுத்தலாம். அந்த வேலை உள்ள பூத்குளி என்ற போர்வையைத்தான் விசேஷத்துக்கும் போர்த்திக்கொள்கிறார்கள், இறந்தவர் உடல்மேலும் போர்த்துகிறார்கள். ஒருவர் தன் வீட்டு மனுஷருக்காக ஊசி எடுப்பது அந்தக் கடைசி நாள் வரைக்கும் போகிறது. அன்றைக்கு அதைக் கேட்டதிலிருந்து என் தையலின் பின்பக்கத்தை நான் இன்னும் கவனமாகப் பார்க்கிறேன். குழந்தையின் உடம்பைத் தொடப்போவது பின்பக்கம்தானே.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் தலையணை உறை தைப்போம். மஞ்சள் கார்பன் வைத்து இரண்டு கிளியை அச்செடுத்து, கீழே ஆங்கிலத்தில் 'குட் நைட்' என்று எழுதுவோம். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே இல்லை. யார் தலை வைக்கப்போகிற உறை என்று தெரியாமல், அந்த மனுஷர் நன்றாகத் தூங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தைத்தேன். இப்போது உன் குழந்தைக்குத் தைக்கும்போதும் அதே சந்தோஷம். முகம் தெரியாது, நிறம் தெரியாது. கை எவ்வளவு நீளம் இருக்கும் என்று என் கையாலேயே அளந்து அளந்து பார்க்கிறேன். மனசுக்குள் அந்தப் பிள்ளையோடு பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. இது தைக்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற சுகம், கண்ணு. வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்குக் கூட இது தெரியாது.

உன் அக்காவின் பட்டுப்பாவாடை ஞாபகம் இருக்குமே. தைக்கும்போதே கீழே மூன்று மடிப்பு, டக், பிடித்துவிடுவேன். தீபாவளிக்கு முன்னால் அவளை நிறுத்தி வைத்து, கணுக்காலுக்கு மேலே பாவாடை ஏறியிருந்தால் ஒரு டக்கைப் பிரிப்பேன். மடிப்புக்குள் இருந்த பட்டு வெயில் படாமல் புத்தம்புதுசாக இருக்கும். கீழே ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். "இது போன வருஷத்து நான், இது இந்த வருஷத்து நான்" என்று அவள் பாவாடையைத் தொட்டுக் காட்டுவாள். பிள்ளை வளரும் என்று நம்பி, வளரப்போகிற அளவையும் சேர்த்து மடித்துத் தைப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. இந்த ஜப்லாக்களிலும் தோள்பட்டையில் அரை இஞ்ச் விட்டு வைத்திருக்கிறேன். தையலைப் பிரிக்கும் கொக்கி பையில் இருக்கிறது.

கடையில் வாங்குவதைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. திருப்பூர் பனியன் துணியில் வருகிற குழந்தை உடுப்பும் நல்லதுதான், தாராளமாக வாங்கு. ஆனால் நீ கேட்டது வேறே ஒன்று.

நாடா, பூ இரண்டும் பழகிவிட்டால் அடுத்ததாக ஒரு விரிப்பு செய். என் பழைய காட்டன் சேலை இரண்டை அதற்காக மடித்து வைத்திருக்கிறேன். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையல் போட்டு காந்தா செய்வார்கள், குழந்தையைப் போட்டுக்கொள்ள. நீயும் அதையே செய்யலாம். சேலையை நான்காக மடித்து, ஓரத்தைக் குத்தி நிறுத்தி, நடுவிலிருந்து வெளியே பார்த்துத் தைத்துக்கொண்டு போ. நடுவில் ஆரம்பித்தால் துணி சுருக்கம் விழாது. தையல் ஒரே அளவாக வருகிறதா என்று கவலைப்படாதே. நாலு வரிசை போனதும் கை தானாக ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளும். முடித்ததும் தரையில் விரித்துக் குழந்தையை விளையாடப் போடு. தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம், சின்னக் குழந்தை முகத்தை மூடிக்கொள்ளும். அங்கே நர்ஸ் சொல்வதைக் கேட்டுக்கொள்.

மருமகளுக்கும் ஆசை வந்தால் ஒரு பக்கத்திலிருந்து அவளும் தைக்கட்டும். முதுகு வலிக்கிற அளவுக்கு உட்கார விடாதே.

சிவப்பு நூல் எடுப்பதாக இருந்தால் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

ஆறாவது ஜப்லாவில் முதல் பூ போட்டதும் எனக்குப் போட்டோ அனுப்பு. முன்பக்கத்தை எடுக்காதே, பின்பக்கத்தை எடுத்து அனுப்பு. அதைப் பார்த்தால்தான் நூலை எங்கே இறுக்குகிறாய், எங்கே தொய்ய விடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அம்மா