இரண்டாவது மரியோவைத் தனியாக விற்கக் கூடாதா?

நிண்டெண்டோ நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வீடியோ கேமின் இரண்டாம் பாகம் எது என்று கேட்டால், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலானோர் மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி எறிகிற கேமைத்தான் சொல்வார்கள். அது 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு கேமுக்கு மரியோ வேஷம் கட்டி 1988-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முதல் கேமின் நேரடித் தொடர்ச்சி 1986 ஜூன் 3 அன்று ஜப்பானில், ஃபேமிகாம் கேம் கருவியோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்தில் வெளியானது. கஷ்டம் அதிகம் என்று உங்கள் அமெரிக்கக் கிளை அதை அப்போது ஏற்கவில்லை. 1993-இல் 'ஆல் ஸ்டார்ஸ்' தொகுப்பில் 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில்தான் அது ஜப்பானுக்கு வெளியே தலைகாட்டியது.

அமெரிக்கக் கிளை சொன்னதில் தவறில்லை. படுபாவி கேம் அது! முதல் லெவலிலேயே விஷக் காளான் வருகிறது. காளானைக் கண்டால் ஓடிப்போய் எடுக்கப் பழகியவனை அந்தப் பழக்கத்தாலேயே கொல்கிறது. மூன்றாம் உலகத்தின் முதல் லெவலான 3-1-இல் ஒளிந்திருக்கும் வார்ப்பை (வேறு உலகத்துக்குத் தாவும் குறுக்குவழியை) கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்து உள்ளே போனால் முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. பாதித் தாவலில் காற்று வந்து தள்ளும். பச்சை ஸ்பிரிங்கை மிதித்தால் மரியோ திரைக்கு மேலே போய்விடுவார், எங்கே இறங்குவார் என்பதை ஊகித்துத்தான் நகர்த்த வேண்டும். இந்த ஸ்பிரிங் விஷயத்தை மட்டும் என்னால் இன்றும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆனால் மரியோவின் தம்பி லூயிஜி முதன்முதலாகத் தனி ஆளானது இதில்தான். அண்ணனைவிட உயரமாகத் தாவுவார், நிற்கச் சொன்னால் வழுக்குவார். யாரைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரே லெவல் வேறு லெவலாகிறது. வார்ப் எதையும் தொடாமல் முடித்தவருக்கு ஒன்பதாம் உலகம். எட்டு முறை முடித்தவருக்கு அதன்பிறகு A முதல் D வரை நான்கு உலகங்கள். ஆடுகிறவரின் பொறுமையை இவ்வளவு நம்பிய கேமை நீங்கள் அதிகம் செய்ததில்லை.

இதை இன்று உங்கள் ஸ்விட்ச் கேம் கருவியில் ஆட வேண்டுமானால் ஆன்லைன் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்றால் கேமும் நின்றுவிடும். உங்கள் பழைய வீ, 3டிஎஸ் கருவிகளில் தனியாக விலைக்கு வாங்க முடிந்தது. வீ கடையை 2019-இல் மூடினீர்கள், 3டிஎஸ் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தினீர்கள். சந்தாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூறு கேமை மேலோட்டமாகப் புரட்ட அது நல்ல வழி. ஆனால் எட்டு முறை முடிக்கச் சொல்கிற கேமை மாதக் கணக்கில் வாடகைக்கு விடுவது பொருந்தவில்லை.

தனியாக விற்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. அந்தக் காலத்தில் கடையில் இருந்த டிஸ்க் ரைட்டர் இயந்திரத்தில் 500 யென் கொடுத்தால் பழைய டிஸ்க்கிலேயே வேறு கேமை எழுதித் தந்தீர்கள். டிஸ்க்கில் எழுதித் தரும் சேவையை 2003 வரை நடத்தினீர்கள். இதன் சில லெவல்களை முதலில் தாங்கி வந்த ஆர்கேட் கேமான (காசு போட்டு ஆடும் இயந்திர கேமான) 'விஎஸ். சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 2017 டிசம்பரில் ஹாம்ஸ்டர் நிறுவனம் வழியாக ஸ்விட்சில் தனியாகவே விற்பனைக்கு வந்தது. அதன் தம்பியான இந்த கேமுக்கு மட்டும் ஏன் அந்த இடம் இல்லை?

டிஸ்க்கில் இருந்தபடியே, ஸ்பிரிங் உட்பட எதையும் மெருகேற்றாமல், ஒருமுறை காசு கொடுத்தால் எங்களிடமே தங்கும்படி விற்பனைக்கு வையுங்கள். தவறு செய்தால் பின்னோக்கிப் போகும் ரீவைண்ட் வசதி வேண்டுபவர்களுக்கு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் D உலகத்தை எட்டாத ஒரு ரசிகன்