கும்பிடக் கை ஒழியவில்லை

அன்புள்ள வாத்தியாரம்மா,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் கேட்காதே, காரணம் என் மடியில்தான் தூங்குகிறது. இங்கே எல்லோரும் நலம். உன் மாமியாரின் முட்டிவலி தேவலையா? நம் சிநேகிதி நெட்டையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் என் கதை.

"இன்னும் சாமி கும்பிடுகிறாயா, பிள்ளை வந்ததும் விட்டாச்சா?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தாய். சாமி இல்லை என்கிறவளுக்கு என்ன அக்கறை என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கேள்வி மனசுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. விட்டுத்தான் போயிருந்தது. ஹாஸ்டலில் விடியற்காலையில் எழுந்து நான் செய்த அலப்பறை உனக்குத் தெரியும். இப்போது கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது. தூக்கம் வருவதற்குள் அழுகை வந்துவிடுகிறது, அவனுக்கு. சில நாள் எனக்கும்.

கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரம் வரை ஏறி, மூன்று நான்கு மாதத்தில் தானே குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கணக்கை இவனிடம் யாரும் சொல்லவில்லை போல. அப்படி ஒரு ராத்திரி, தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று பெரியாழ்வார் ஞாபகத்துக்கு வந்தார். யசோதை இன்னொரு பெண்ணிடம் புலம்புவதாக அவர் பாடியிருக்கிறாரே: தொட்டிலில் கிடத்தினால் கிழியக் கிழிய உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தெம்பில்லாமல் இளைத்துப் போனேன் என்று. பரீட்சைக்கு உருப்போட்டபோது கண்ணன் குறும்பு என்ற அளவில்தான் புரிந்தது. இப்போது கேட்டால் அசல் இடுப்புவலிக்காரியின் குரல்! ஆம்பளை பாடியதடி. நந்தவனத்தில் கிடைத்த ஆண்டாளை எடுத்து வளர்த்தவர் ஆயிற்றே, தூக்கிச் சுமந்து பார்த்திருப்பார்.

தெய்வத்தையே வளர்த்தவளுக்கும் இடுப்பு வலித்திருக்கிறது, வாய்விட்டு அலுத்துக்கொண்டிருக்கிறாள், அந்த அலுப்பையும் பாசுரம் என்று கோயிலில் பாடுகிறார்கள். அப்படியானால் நான் ராத்திரியில் முணுமுணுப்பதும் சாமி கணக்கில் சேரும்தானே? இதை உன்னிடம் சொல்லத்தான் அன்றிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் தனியாக உட்கார்ந்து கும்பிடுவதில்லை. கக்கிய பாலைத் துடைத்துக்கொண்டே, "பார்த்தாயா இவன் பண்றதை" என்று மேலே பார்த்துப் புகார் சொல்கிறேன். ஸ்தோத்திரம் சொன்ன காலத்தைவிட இப்போது பேச்சுவார்த்தை அதிகம்.

நகம் வெட்டுவது ஒன்று இருக்கிறது. அவன் தூங்கும்போதுதான் முடியும். மூடிய கையைப் பிரித்து, ஒரு விரலை மட்டும் தனியே பிடித்து, சதையைக் கீழே அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் என் மனசில் வேறு எதுவும் ஓடுவதில்லை. ஹாஸ்டலில் மணிக்கணக்கில் சம்மணம் போட்டும் வராத ஒருமுகம்! மூன்றாவது விரலில் விழித்துக்கொள்வான், அது வேறு விஷயம்.

பெரியவள் என்ன வேண்டிக்கொள்கிறாள் தெரியுமா? "சாமி, தம்பி வாயை மூடு, இல்லேன்னா திரும்ப எடுத்துக்கோ." நான் திட்டவில்லை. முதல் பாதி என் வேண்டுதலும்தான்.

குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாயாக இருந்தால் போதும் என்று மனோதத்துவ நிபுணர் வின்னிகாட் சொன்னதை எழுதியிருந்தாய். பிள்ளை வளர வளர அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறை வைப்பதும் அவன் உலகத்தைப் பழக உதவும் என்றாராமே. குழந்தை மருத்துவராகவும் இருந்த மனுஷர் சொன்னதால் பாதி நிம்மதி கிடைத்தது. மீதிப் பாதிக்கு எனக்குச் சாமி வேண்டியிருக்கிறது, நீ சிரித்தாலும் சரி. நான் அசந்துபோகும் நேரத்திலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நினைப்பு இல்லாவிட்டால் எனக்குக் கண் மூடாது.

நெட்டை விஷயம். அவளுக்கு வந்தது என்னுடையதைப் போன்ற அலுப்பு இல்லையடி. பிரசவம் ஆனதும் வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்தில் போய்விட வேண்டும். அவளுக்கு மாதங்கள் ஆகியும் போகவில்லை. குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்று போனில் சொன்னாள். வீட்டில் என்ன சொன்னார்களாம்? "வரம் வாங்கிப் பெற்ற பிள்ளை, அலுத்துக்கொள்ளலாமா, நன்றாக வேண்டிக்கொள்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேருக்கும் பக்தி குறைச்சலா? சாமியைச் சொல்லி ஒருத்தியின் வாயை அடைப்பவர்களிடம் உன்னைவிடப் பெரிய நாத்திகம் பேசுவேன் நான். நல்லவேளை, அவள் தங்கை இழுத்துக்கொண்டு போய் மனநல டாக்டரிடம் காட்டினாள். மருந்து சாப்பிடுகிறாள். போன வாரம் என்னைப் பழையபடி கெட்ட வார்த்தையில் திட்டினாள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நீயும் கூப்பிட்டுப் பேசு. அறிவுரை வேண்டாம், உன் ஸ்டாஃப் ரூம் வம்பு எதையாவது அவிழ்த்து விடு.

மனநிறைவு வந்துவிட்டதா என்று கேட்பாய். நேற்றுச் சாயங்காலம் இருந்தது. இன்று காலையில் பெரியவள் சுவரில் கிறுக்கிய நேரத்தில் இல்லை. மறுபடி வரும் என்று தெரிகிறது, அதனால் இல்லாத நேரத்தில் முன்போலப் பதறுவதில்லை.

லீவு விட்டதும் கிளம்பி வா. பகலில் உன்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுகிறேன். ராத்திரியில் இவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற முறை உன்னுடையது. நாத்திகர்களின் இடுப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

உன்,
சாமியாரம்மா